பதில்: சவர்க்காரக் குமிழி வராமல் வெள்ளைத் திப்பி மிதக்கிறது (கிளிநொச்சி, 8 வயது மகள்)

மகள் குமிழி விடக் கரைச்ச சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாய் மிதக்குது எண்டு கேட்டிருக்கிறியள். பிழை சவர்க்காரத்தில் இல்லை, கிணத்துத் தண்ணியில். கல்சியம், மக்னீசியம் கூடின வன்தண்ணியில் சவர்க்காரம் அதுகளோடை சேர்ந்து கரையாத திப்பியாகிவிடும். நுரைக்க மிச்சம் இருக்காது. உங்கட கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படிஞ்சிருந்தால் காரணம் அநேகமாய் இதுதான்.

மகளையே கண்டுபிடிக்க விடுங்கோ, குமிழியை விட இது சுவாரசியம்:

1. ஒரே அளவான மூண்டு போத்தல். ஒண்டில் கிணத்துத் தண்ணி, ஒண்டில் அதையே 10 நிமிடம் கொதிக்க வைச்சு, ஆறினபிறகு அடி மண்டி கலங்காமல் வடிச்சது, ஒண்டில் ஒப்பிட்டுப் பாக்க மழைத்தண்ணி. இப்ப மழைக்கு எங்க போறது எண்டால் ஆர்.ஓ. தண்ணி (உப்புகளை வடிச்சு எடுத்த சுத்திகரிச்ச குடிதண்ணி) போதும்.

2. சவர்க்காரச் சீவலை ஆர்.ஓ. தண்ணியில் கரைச்சு, ஒவ்வொரு போத்தலுக்கும் துளித்துளியாய் விட்டுக் குலுக்கவேணும். நுரை அரை நிமிடம் நிக்க எத்தினை துளி? எண்ணி அவளே கொப்பியில் எழுதட்டும்.

கொதிச்ச தண்ணிக்குத் துளி குறைஞ்சால், வன்மையின் ஒரு பங்கு கொதியில் போகிற தற்காலிக வன்மை. குறையாட்டில் நிரந்தர வன்மை. உப்புத் தண்ணியும் நுரையைக் கெடுக்கும், நாக்கில் கரிச்சால் அதையும் யோசியுங்கோ.

கோப்பை கழுவுற திரவத்தை இதுக்குப் பாவிக்காதேங்கோ. அது வன்தண்ணியிலும் நுரைக்கும், வித்தியாசம் தெரியாது. வெறும் குமிழிதான் வேணுமெண்டால் அதுவே நல்லது, கொஞ்சம் சீனி கலந்து விடியக்காலமை ஊதச் சொல்லுங்கோ. கச்சான் எண்ட மேல்காத்தில் ஒண்டும் நிக்காது.

கொதிக்க வைக்கிற வேலை உங்கட கையில் இருக்கட்டும்.