எலி வளையும் ஏர்முனையும்

கேள்வி: ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் எலியைப் பற்றி எழுதிய கவிதை, கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குப் பாடமாக உள்ளது. அதன் வட்டார மொழி அவளுக்குப் பிடிபடவில்லை. ஒலிப்பதிவுகளைக் கேட்டால் பயன் உண்டுங்களா?
– வாசகர், காங்கயம்

பதில்: நிச்சயமாக உண்டு. 1759 ஜனவரி 25 அன்று அயர்ஷயரின் அல்லோவே சிற்றூரில் பிறந்த பர்ன்ஸ், ஏர் பிடித்து உழுத குடியானவர்; 37 வயதிலேயே மறைந்துவிட்டார். 1785 நவம்பரில் தம் ஏர் ஓர் எலியின் வளையைப் பெயர்த்துவிட, பனிக்காலம் நெருங்கும் வேளையில் அந்தச் சிற்றுயிர் வீடிழந்ததே என்று மனம் நொந்து அவர் பாடியதுதான் அக்கவிதை. அதில் எலியை அவர் 'பீஸ்டி' என்று அழைக்கிறார். விலங்கைக் குறிக்கும் 'பீஸ்ட்' என்ற சொல்லின் ஈற்றில் ஓர் இகரம் சேர்ந்ததும் அது செல்லப் பெயராகிவிடுகிறது. நம் ஊர் அம்மிச்சி பேரப்பிள்ளையை 'ஏஞ்சாமி' என்று அழைக்கும்போது குரலில் வரும் குழைவு அச்செழுத்தில் தெரிவதில்லை அல்லவா, அதுபோலவே இந்த இகரத்தின் பரிவையும் அந்த மண்ணின் குரலில் கேட்டால்தான் உணர முடியும்.

அவர் பிறந்து 250 ஆண்டுகள் நிறைந்த 2009ஐ ஒட்டி, அவருடைய 700க்கும் மேற்பட்ட படைப்புகளை ஸ்காட்லாந்து நடிகர்களின் குரலில் பதிவு செய்யும் பணியை பி.பி.சி. மேற்கொண்டது. பர்ன்ஸின் பாடல்களுக்கு, ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாடகி ஜீன் ரெட்பாத் பாடியவற்றையே நான் முதலில் சொல்வேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி நிறுத்தி, இரண்டு மூன்று முறை கேட்கச் சொல்லுங்கள்.