ஒன்றிலும் ஊன்றாதவரா மக் லோ?

கேள்வி: அமெரிக்கரான ஜாக்சன் மக் லோ கவிதை எழுதினார், இசையமைத்தார், நடனக்காரருக்கும் எழுதிக் கொடுத்தார். ஒன்றிலும் ஊன்றி நிற்காததால்தானே பெயர் எடுக்கவில்லை? கவிதையும் கீபோர்டுமாகத் திரியும் என் மருமகனுக்கு இதைச் சொன்னால் கோபிக்கிறான்.
– வாசகர் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: கோபிக்காமல் என்ன செய்வான்? கண்ணகி அம்மன் கோயில் இருக்கும் வற்றாப்பளைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? கோவலன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பாட்டையும் ஆட்டத்தையும் தாளத்தையும் சேர்த்துத்தான் பழக்குகிறார். 'அண்ணாவியார், முதலில் ஒரு துறையைத் தெரிவு செய்யுங்கோ' என்று அவரிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மக் லோ 1922இல் சிக்காகோவில் பிறந்தவர். 1954 கடைசியில் தாயக்கட்டை உருட்டி, விழுந்த எண்களின்படி விவிலியத்திலிருந்து சொற்களை எடுத்துக் கவிதை செய்தார். பிறகு நியூயோர்க்கில் ஜோன் கேஜின் இசை வகுப்பில் போய் இருந்தார். எழுந்தமானமாகச் செய்தார் என்று நினைக்க வேண்டாம். 1963இல் அவர் கண்ட முறை ஒன்றை நம் எழுத்தில் செய்து பாருங்கள். 'மழை' என்று வைத்துக்கொள்வோம். ஏதாவதொரு நூலில் 'ம' முதலெழுத்தாக வரும் சொல்லைத் தேட வேண்டும்: மரம். அடுத்து, 'ழை' இரண்டாம் எழுத்தாக வரும் சொல்: பிழை. இப்படியே ஒரு நூல் முழுக்கப் போக வேண்டும். திரிகிறவனுக்கு இந்தப் பொறுமை வராது. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுப் பாடிய சம்பந்தரை வைத்திருக்கும் நமக்கு இது அவ்வளவு புதினமும் இல்லை.

1964இல் 40 நடனக் கவிதைகள் எழுதினார். 850 சொற்கள் கொண்ட எளிய ஆங்கிலப் பட்டியலிலிருந்து, சிமோன் ஃபோர்ட்டி என்ற நடனக் கலைஞருக்காக முன்பு செய்திருந்த அட்டைகள்தான் அவற்றுக்கு மூலம். தாளில் கவிதை, மேடையில் ஆடுபவருக்குக் கட்டளை. இதில் எல்லைக்கல்லை எங்கே நடுவீர்கள்?

எல்லாமே சுவையானவை என்று சொல்ல மாட்டேன். தனியே இருந்து வாசித்தால் பல பக்கங்கள் களைப்புத்தான். பலர் ஒரே நேரத்தில் வாசிக்கவும் வாத்தியம் இசைக்கவும் எழுதியவற்றில் மற்றவரைக் காது கொடுத்துக் கேட்பதே முதல் விதி. அப்படிக் கூடி வாசித்தால் உயிர் வருகிறது.

பெயர் எடுக்கவில்லை என்பதும் சரியல்ல. படிப்பித்தும் பிழை திருத்தியும் பிழைத்தவர்தான், ஆனால் 1999இல் அமெரிக்கக் கவிஞர் கழகத்தின் பெரிய பரிசு வந்தது. 2004இல் காலமானார்.

மருமகனின் எழுத்தையும் இசையையும் எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் போடுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.