நியூஜெர்சியில் கஞ்சா வாங்கலாம். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவரும் வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தாயிற்று. வீட்டுக்குப் பக்கத்திலேயே லைசென்ஸ் உள்ள கஞ்சாக் கடை. தூக்கத்துக்கு நல்லது, கஞ்சா கலந்த மிட்டாய் வாங்கிப் பாருங்கள் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். மாநிலச் சட்டமே அனுமதிக்கிறதே, வாங்கினால் என்ன?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் நண்பர் அமெரிக்கக் குடிமகனாக இருக்கலாம். அவர் கணக்கு வேறு.

2022 ஏப்ரல் முதல் அங்கே 21 வயதானவர்களுக்குக் கடையில் விற்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் மாநிலம் நீக்கியது தன் சட்டத்தில் இருந்த தண்டனையை மட்டும். 1970-இல் வந்த ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) போதைப்பொருள் சட்டம் அப்படியே இருக்கிறது. அதில் கைவைக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை.

சரி, அப்படியென்றால் வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் அரசு ஏன் கடையை இழுத்து மூடவில்லை? அங்கேதான் அரசியலமைப்பின் பத்தாவது திருத்தம் வருகிறது. மாநிலப் போலீஸை ஃபெடரல் அரசு தன் வேலைக்கு இழுக்க முடியாது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் ஷெரீஃப்கள் விசாரிக்க வேண்டும் என்ற சட்டத்தை 1997-இல் உச்ச நீதிமன்றம் இதே காரணத்துக்காகத்தான் ரத்து செய்தது. விளையாட்டுகள் மீது பணம் கட்டும் பந்தயம் பற்றிய வழக்கில் 2018-இல் இதே வாதத்தால் ஜெயித்தது உங்கள் நியூஜெர்சியேதான். ஆக, பிடிப்பதென்றால் வாஷிங்டன் தன் ஆட்களை வைத்தே பிடிக்க வேண்டும். தெருவுக்குத் தெரு நிறுத்த அவ்வளவு ஆள் அவர்களிடம் இல்லை.

ஆனால் அந்த ஆட்கள் வந்தால் மாநிலத்தால் தடுக்க முடியாது. கலிஃபோர்னியாவில் மருத்துவர் ஆலோசனைப்படி ஒரு பெண்மணி வீட்டில் ஆறு செடி வளர்த்தார். வந்து பார்த்த உள்ளூர்ப் போலீஸ், மாநிலச் சட்டப்படி தப்பில்லை என்றது. கூட வந்த ஃபெடரல் அதிகாரிகள் ஒப்பவில்லை. மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு ஆறு செடிகளையும் அழித்துவிட்டார்கள். ஃபெடரல் அரசுக்கு அதிகாரம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தின் மீதுதானே, விற்கவே விற்காத செடி எப்படி அந்த வணிகம் ஆகும் என்று கேட்டு வழக்கு போனது. 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் 6 நீதிபதிகளுக்கு 3 பேர் என்ற கணக்கில் ஃபெடரல் அரசு ஜெயித்தது. எனக்கு இன்றுவரை அந்தத் தர்க்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்ததாகவே படுகிறது. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். விசாவும் கிரீன் கார்டும் முழுக்க ஃபெடரல் கையில். அங்கே தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நேர்காணலில் "ஆமாம், ஒருமுறை வாங்கினேன்" என்று நீங்களே ஒப்புக்கொண்டால் போதும், விண்ணப்பம் சிக்கலாகலாம். விமான நிலையத்தில் போனை வாங்கிப் பார்த்தால் கடை வாசல் செல்ஃபியும் அதிலேயே இருக்கும். கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்ப்பதும் குடியுரிமைக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019-இலேயே அறிவித்துவிட்டது.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் பொய் சொல்லிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அது தனிக் குற்றம். நேர்காணலுக்கு முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.