ஐடிலிங்கில் ஏறி இறங்கும் இன்ஜின்: லிங்கேஜைத் தொடுவதற்கு முன்

கேள்வி: என் பழைய காரில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்கள் இரண்டு உள்ளன. இன்ஜின் சூடானபின் நியூட்ரலில் நிறுத்தினால், ஆர்.பி.எம். 700-க்கும் 1,300-க்கும் இடையே தானாகவே ஏறி இறங்குகிறது. ஐடில் ஸ்க்ரூவைச் சற்று முறுக்கினால் இரண்டு நாள் அடங்குகிறது. பிறகு பழைய கதைதான். இரு கார்புரேட்டர்களையும் பெடலோடு இணைக்கும் கம்பி அமைப்பான லிங்கேஜை அட்ஜஸ்ட் செய்தால் போதுமா?

பதில்: லிங்கேஜிலும் கைவைக்க வேண்டியிருக்கும், ஆனால் அது கடைசி வேலை. ஸ்க்ரூவை முறுக்கியதும் அடங்குகிறது என்று நீங்களே எழுதியிருப்பது நல்ல தடயம். கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் சிலிண்டர்கள் விட்டுவிட்டு எரியும், வேகம் விழும், வேகம் விழும்போது மேனிஃபோல்டு வேக்குவமும் (கலவை செல்லும் குழாயின் உறிஞ்சுவிசையும்) மாறுவதால் கலவை சற்றுத் தேறி, இன்ஜின் மீண்டும் எழும்பும். நீங்கள் ஸ்க்ரூவை முறுக்கும்போது காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு சிறிது கூடுதலாகத் திறந்து, அதன் விளிம்பருகே உள்ள சிறு துளைகள் வழியாகவும் பெட்ரோல் வரத் தொடங்குகிறது. குறை மறைகிறதே தவிர, தீரவில்லை.

முதலில், இன்ஜின் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை ஓர் இழை இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் கலவையில் காற்று அதிகம் என்பது உறுதி. மேலும் திணறிக் கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம். அப்போது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டின் மட்டத்தையும் நீடில் வால்வையும் பார்க்க வேண்டும். உங்கள் விவரத்தைப் படித்தால் முதலாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காற்று எங்கே நுழைகிறது என்பதை அறிய, கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட், மேனிஃபோல்டு இணைப்புகள், த்ராட்டில் தண்டின் இரு முனைகள் ஆகியவற்றின்மீது ஒவ்வோர் இடமாகத் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளியுங்கள்; ஓட்டம் மாறும் இடமே கசியும் இடம். சிலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் தீப்பற்றும் திரவத்தை அடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாயை ஒரு நிமிடம் நெரித்துப் பிடித்தும் பாருங்கள். த்ராட்டில் தண்டை விரல்களால் மேலும் கீழும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் செய்யும் எந்த ட்யூனிங்கும் நிலைக்காது. கசிவு ஏதும் அகப்படவில்லையெனில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஐடில் ஜெட்டுகளைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரையும் விட்டுவிடக் கூடாது. அதன் வேக்குவம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத் துளையை அடைத்துவிட்டு தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்தால், ஐடிலிங்கில் டைமிங் குறி ஓரிடத்தில் நிற்க வேண்டும். அது அலைந்தால் உள்ளிருக்கும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்து, ஐடில் வேகத்திலேயே டைமிங் முன்னேறுகிறது என்று பொருள்.

இவையெல்லாம் சரியானபின் லிங்கேஜுக்கு வாருங்கள். இரு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கம்பியை ஒரு முனையில் கழற்றி, ஆக்சிலரேட்டர் கேபிளையும் தளர்த்திவிடுங்கள். இப்போது ஒவ்வொரு த்ராட்டிலும் தன் ஸ்டாப் ஸ்க்ரூவில் மட்டுமே உட்கார வேண்டும். சோக்கை முழுவதும் உள்ளே தள்ளிய நிலையில், குளிர்ந்த இன்ஜினின் ஐடில் வேகத்தைக் கூட்டும் கேம் த்ராட்டிலைத் தொடாமல் ஓர் இடைவெளி தெரிய வேண்டும். பலரும் இதைக் கவனிப்பதில்லை. இன்ஜினைச் சூடாக்கி, கார்புரேட்டர் வாயில் காற்றோட்ட மானியை வைத்து, இரண்டும் ஒரே அளவு காட்டும்வரை ஸ்டாப் ஸ்க்ரூக்களைத் திருப்புங்கள். மானி இல்லையெனில் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயருகிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, 'உஸ்' என்ற இரைச்சலை ஒப்பிடலாம். பழகிய காதுக்கு இதுவே போதும். பிறகு பெட்ரோல்-காற்று அளவை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, வேகம் உச்சத்தை எட்டும் இடத்தைக் கண்டு, ஐடிலை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு இறக்குங்கள்.

இனி கம்பியை மாட்டலாம். அதன் நீளம், பால் ஜாயிண்ட் எந்த அழுத்தமும் இன்றி உருண்டையின்மேல் தானே உட்காரும்படி இருக்க வேண்டும். வலிந்து இழுத்து மாட்டினால், அரைச் சுற்று நீளம்கூட ஒரு த்ராட்டிலை மயிரிழை திறந்துவைத்துவிடும். லாக் நட்டை இறுக்கும்போது கம்பி சேர்ந்து திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பின்னும் ஆர்.பி.எம். மாறவில்லை என்று பாருங்கள். 1,500 ஆர்.பி.எம்.மில் மீண்டும் இரு காற்றோட்டங்களையும் ஒப்பிட்டால்தான் இரண்டும் ஒரே கணத்தில் திறக்கின்றனவா என்பது தெரியும்.

ஒருமுறை இத்தனையும் செய்தும் அடங்காத ஒரு வண்டியில், குற்றவாளி இன்ஜின் மவுண்ட்டாக இருந்தது. பெடல் கம்பியின் ஒரு முனை கார் உடலிலும் மறுமுனை இன்ஜினிலும் இருந்ததால், தளர்ந்த மவுண்ட்டில் இன்ஜின் குலுங்கும்போதெல்லாம் கம்பியே த்ராட்டிலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது. ஆகவே கேபிளை மாட்டும்போது ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். இறுதியாக, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரைப் பெடலை முழுவதும் மிதிக்கச் சொல்லி, இரு த்ராட்டில்களும் முழுமையாகத் திறந்து, காலை எடுத்ததும் தயங்காமல் மூடுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.