ராணுவத்தில் அடிபட்டு வந்தவருக்கு டிஸ்எபிலிட்டி பென்ஷன் வாங்க ஏஜென்ட் வேண்டுமா?

அண்ணனுக்கு டிஸ்எபிலிட்டி பென்ஷன் மறுத்துவிட்டார்கள், ஏஜென்ட் ஒருவர் இருபதாயிரம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். அண்ணிக்கு இந்த இங்கிலீஷ் கடிதங்கள் புரியாது, அண்ணன் வாயே திறக்க மாட்டார், அப்படித்தானே? எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான்.

என் வீட்டுக்காரர் ஹவில்தார். ஜம்மு காஷ்மீரில் ரஜௌரிப் பக்கம் இரவு ரோந்தில் சரிவில் விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. 2017-இல் பென்ஷனில் வந்தார். மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம், ஆயுள் முழுக்க என்றுதான் எழுதியது. ஆனால் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று கூடவே ஒரு வரி. அந்த வரியைக் காட்டித்தான் மறுத்தார்கள். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பணத்துக்காக இல்லை. "அப்போ நான் பொய் சொல்றேன்னு எழுதியிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஃபைலில் காய அறிக்கையே இல்லை. அவருடைய கருப்பு டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய ஸ்வெட்டருக்குள், அன்றைக்கு ஃபீல்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு கிடைத்தது. தேதி, இடம், டியூட்டி எல்லாம் அதில் இருந்தது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். ஒரு டீகூட வாங்கிக்கொள்ளவில்லை. அதுவும் தள்ளுபடியானது. பிறகு சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். வக்கீலுக்குப் பணம் கொடுத்தோம், மறைக்கவில்லை. வழக்காடும் வக்கீல் வேறு, ஃபாரம் நிரப்பும் ஏஜென்ட் வேறு. ராம் அவதார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி 30-ஐ 50 சதவீதமாகக் கணக்கிட்டு பென்ஷன் கிடைத்தது.

ராணுவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் பாய வேண்டாம். என் அப்பாவும் பட்டாளத்துக்காரர்தான். அந்தக் காலை நடக்க வைத்ததும் ராணுவ டாக்டர்கள்தான். எனக்குக் கோபமெல்லாம் சொந்தக்காரர்கள் மேல். கேன்டீன் பாட்டில் கேட்டு மாதாமாதம் போன் செய்தவர்களில் ஒருவர்கூட அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வரவில்லை.

அண்ணன் 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர் என்றால் விதிகள் புதியவை, அதைச் சொல்லியே விசாரியுங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் கார்டில் அண்ணி, பிள்ளைகள் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். முதலில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தேதி, எந்த இடம், கூட யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.