மானியம் வரும், முதலில் பில்லை எடுங்கள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து, வெள்ளை அட்டையில் யூனிட் எழுதிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது உச்சிப்புளியில் இருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி மாடி சோலாரையும் அதற்கான பணத்தையும் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடுகிறது, பில் ஆறாயிரத்தை ஒட்டி வருகிறது. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். சோலார் போடலாம் என்று விசாரித்தால் 2 கிலோவாட்டுக்கு 1,40,000, 3 கிலோவாட்டுக்கு 1,95,000 என்கிறார்கள். வட்டிக்கு வாங்குவது எங்களுக்கு ஆகாது. வீடு வாப்பா எனக்குக் கொடுத்தது. கரண்ட் இணைப்பு இன்னும் அவர்கள் பெயரில்தான். மானியம் கிடைக்குமா? — வாசகி, கீழக்கரை

பதில்: கிடைக்கும், சகோதரி. ஆனால் பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுங்கள். கீழக்கரையில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம், ஆனால் மீட்டர் மட்டும் வாப்பா பெயரிலேயே கிடக்கும். அட்டையைப் புரட்டும்போது இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்திரத்தை வைத்து மின்வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். மாடி சோலாருக்கு மானியம் தருகிற பிரதமரின் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்துக்கு நுகர்வோர் எண்ணை வைத்துத்தான் பதிவு. மானியப் பணமும் அந்த இணைப்புக்கு உரியவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பேனல் ஏறிய பிறகு இதற்காக அலைவது பெரிய தொல்லை.

இனி பணம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த இந்தத் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 வீதம் தருகிறார்கள். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 மட்டும். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000 ரூபாயோடு சரி. ஆக உங்களுக்கு 2 கிலோவாட் என்றால் மானியம் போக 80,000. மூன்று என்றால் 1,17,000.

விற்கிறவர்கள் மூன்றைத்தான் தள்ளுவார்கள். நான் இரண்டைச் சொல்வேன், காரணத்தையும் சொல்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். 900 யூனிட்டில் அது கழிந்தால் மிச்சம் 420. கழிவது எந்த யூனிட் என்று பாருங்கள்: 500-ஐத் தாண்டிய, எட்டு ஒன்பது ரூபாய்க்கு மேல் விலையுள்ள யூனிட்கள்தான் முதலில் போகின்றன. 420-க்கு நீங்கள் கட்டப்போவது ஆயிரத்து முந்நூறு ரூபாய் வாக்கில்தான் இருக்கும். மூன்றாவது கிலோவாட் போட்டால் அடிமட்டத்து மலிவு யூனிட்கள் கழியும். அதில் மிச்சமாவது ஒரு பில்லுக்கு ஆயிரம் ரூபாய்தான், அதற்குக் கூடுதலாக 37,000 போட வேண்டும். ஏ.சி. இன்னொன்று வாங்கும் யோசனை இருந்தால் மட்டும் மூன்றுக்குப் போங்கள்.

வட்டி வேண்டாம் என்றால் வங்கிப் பக்கம் போக வேண்டியதே இல்லை. ஆனால் ஒன்று, மானியம் கடைசியில்தான் வரும். பேனல் ஏறி, வாரியத்திலிருந்து வருகிற கரண்டையும் நாம் அனுப்புகிற கரண்டையும் கணக்கிடுகிற இரு வழி மீட்டர் மாட்டி, வாரியம் பார்த்துச் சான்று கொடுத்து, வங்கி விவரத்தைப் பதிவேற்றிய பிறகு. அதுவரை முழு 1,40,000-மும் கைக்காசு. இதைத் தவணையாகப் பேசுங்கள்: முன்பணம் கொஞ்சம், பொருள் மாடிக்கு வந்ததும் பெரும்பகுதி, இரு வழி மீட்டர் ஓடியதும் மிச்சம். கடைசித் தவணையை மீட்டர் மாட்டும் முன் கொடுத்தால் அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். “மானியத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், பாஸ்புக்கையும் ஓ.டி.பி.யையும் கொடுங்கள்” என்று யாராவது கேட்டால் அந்த ஆளே வேண்டாம்.

விலையிலும் ஒரு பேச்சு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பொருளும் மாட்டும் கூலியும் சேர்த்துப் போடுகிற பில்லில் எழுபது பங்கைப் பொருளாகவும் முப்பது பங்கைச் சேவையாகவும் கணக்கிடுவார்கள். அந்த வகையில் மொத்த வரி 13.8-லிருந்து 8.9 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. உங்களுக்குச் சொன்ன விலை பழைய வரியில் போட்டது என்றால் 1,40,000-த்தில் ஆறாயிரம் குறைய வேண்டும். “வரியைத் தனியாக எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள், தெரிந்துவிடும். மானியம் வேண்டுமானால் பேனல் உள்நாட்டில் தயாரித்த சோலார் செல்லில் செய்ததாக இருக்க வேண்டும். அதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்த மாதிரி இருக்கக் கூடாது. பாட்டரி இல்லாத இந்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர்மீது பாயக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். புயல் நேரத்து விளக்குக்கு உங்கள் பழைய இன்வெர்ட்டர் வேண்டும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணே, எனக்கு ஒரு போட் இருக்கு. பில் 600 யூனிட் வருது. சோலாருக்கு வங்கியில் கடன் தர்றாங்கன்னு சொல்றாங்க, ஆனா தடைக்காலத்துல தவணை கட்ட முடியாது. பேசாம நகையை வச்சுப் போட்டுடலாமா? உப்புக் காத்துக்கு அது எத்தனை வருஷம் நிக்கும்? — வாசகர், தங்கச்சிமடம்

பதில்: நகையைப் பெட்டியிலேயே விடுங்கள் தம்பி. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இன்ஜின் செலவுக்கும் வேண்டும்.

3 கிலோவாட் வரைக்கும் பொதுத்துறை வங்கிகள் அடமானம் இல்லாமல் கடன் தருகின்றன. வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தருகிற வட்டியான ரெப்போ விகிதத்தைவிட அரை சதவீதம் கூடுதல் என்ற கணக்கு. திட்டம் வந்த புதிதில் 7 சதவீதம் வாக்கில் இருந்தது. ரெப்போ இறங்கியதில் இதுவும் இறங்கியது. நகைக் கடன் எங்கே வைத்தாலும் இந்த விலைக்குக் கிடைக்காது, வருஷா வருஷம் திருப்பி வைக்கிற வேலை வேறு.

உங்களுக்கும் 2 கிலோவாட் போதும். விலை 1,40,000 என்றே வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு, அதாவது 14,000 கையிலிருந்து. 1,26,000 கடன். 6 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் தவணை மாதம் 1,400. உங்கள் 600 யூனிட்டில் 480 கழிந்தால் இரண்டு மாத பில்லில் 2,800-க்கு மேல் மிச்சம். ஆக இன்று கரண்டுக்குக் கட்டுகிற காசு அப்படியே தவணைக்குப் போகிறது, புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. மானியம் 60,000 வந்ததும் அதைக் கடனிலேயே கட்டிவிடுங்கள். அதே 1,400 கட்டிக்கொண்டு வந்தால் ஐந்து வருடத்துக்குள் முடிந்துவிடும். அந்த 60,000-த்தை வலை வாங்க எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. பிறகு என்னைத் திட்டக் கூடாது.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டு தவணை, மிஞ்சினால் மூன்று. மாசி பங்குனியில் மீன்பாடு நன்றாக இருக்கும்போது அந்த இரண்டையும் முன்கூட்டியே கடன் கணக்கில் போட்டுவிடுங்கள். முன்பணத்தைத் தவணையாகத்தான் வரவு வைக்க வேண்டும் என்று மேலாளரிடம் சொல்லிப் போடுங்கள். சொல்லாவிட்டால் அசலில் கழித்துவிட்டு, அடுத்த மாதத் தவணையைத் தனியாகக் கேட்பார்கள். போட் கடன், சங்கக் கடன் எதுவும் பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடமானம் கேட்கமாட்டார்கள், ஆனால் பழைய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள்.

உப்புக் காற்று பேனலை அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது. மண்டபத்தில் ஒரு மாடியில் ஏறிப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, அலுமினியச் சட்டத்துக்கும் குறையில்லை. அடியில் தாங்குகிற இரும்புக் காலில், துளை போட்ட இடம் மட்டும் செங்காவியாகச் சிவந்து கிடந்தது. விரலை வைத்துத் தேய்த்தால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. போல்ட் தலை அறுகோணம் போய் உருண்டையாகிவிட்டது, ஸ்பானர் பிடிக்காது. கம்பெனியில் துத்தநாகத்தில் முக்கி எடுத்த காலைக் கொண்டுவந்து, மாடியில் வைத்து அறுத்துத் துளை போட்டால் அந்த வாய் திறந்துதான் இருக்கும். அதன்மேல் துத்தநாகப் பூச்சு அடித்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். போல்ட், நட்டு எல்லாம் உப்புக்கு எளிதில் துருப்பிடிக்காத 316 ரக எவர்சில்வரில் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் கூடினால் கூடட்டும். பாம்பன் பக்கத்துக் காற்றுக்குக் கால்களைத் தளத்தில் நன்றாகப் பதித்திருக்க வேண்டும், வெறும் கல்லை வைத்து நிறுத்தக் கூடாது.

கழுவுவதற்கு போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் படியும். காவிரித் தண்ணீர் இரண்டு குடம் போதும். மாட்டிக்கொடுத்தவர் ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சார், என் மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். சோலார் போட்டால் அங்கே 30 சதவீதம் வரியில் கழியும் என்கிறான். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வரி கட்டுகிறேன். இங்கே அப்படி உண்டா? — வாசகர், மண்டபம்

பதில்: மகன் சொன்னது 2025 வரை சரி. 2022-இல் வந்த சட்டப்படி அங்கே வீட்டு சோலார் செலவில் 30 சதவீதத்தைக் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. வீட்டுக்கு வெப்பக் காப்பு, ஜன்னல் மாற்றுவதற்கு வருடத்துக்கு 1,200 டாலர் வரை, வீட்டைச் சூடாக்கவும் குளிராக்கவும் உதவும் ஹீட் பம்புக்கு 2,000 டாலர் வரை என்று தனியாக ஒரு சலுகையும் இருந்தது. 2025 ஜூலையில் போட்ட புதுச் சட்டம் இரண்டையும் 2025 டிசம்பர் 31-உடன் முடித்துவிட்டது. அதற்குப் பிறகு போட்டால் கிடையாது. மகன் இன்னும் போடவில்லை என்றால், அந்தச் சலுகை முடிந்துவிட்டது என்று உடனே போன் பண்ணிச் சொல்லுங்கள்.

நம் ஊரில் வீட்டு சோலாருக்கு வருமான வரியில் அப்படி ஒரு கழிவு இல்லை. மானியம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. வரி கட்டுகிறவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே தொகை. என்னைக் கேட்டால் இதுதான் நல்ல ஏற்பாடு. அங்கே வரியே கட்டாத ஏழைக்கு அந்த 30 சதவீதத்தால் என்ன பயன்? இங்கே திட்டம் 2026-27 நிதியாண்டு வரைக்கும். அதனால் இரண்டு பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நான் வாடகை வீட்டில் இருக்கிறேன், மாடி எனக்கில்லை. 240 யூனிட் ஓடுகிறது. கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு வாங்கினால் ஆறு மாதத்தில் காசு திரும்பும், வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? — வாசகி, பெரியபட்டினம்

பதில்: ஆறு மாதத்தில் திரும்பாது அம்மா. பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம், இரண்டுக்கும் 80. உங்கள் 240 யூனிட் 160 ஆகும். ஆனால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 மலிவு என்பதால் பில்லில் குறைவது முந்நூறு ரூபாய்க்குள்தான். இரண்டு ஃபேன் ஆறாயிரம் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். இருக்கிற ஃபேன் கெட்டுப் போகும்போது இதை வாங்குங்கள், நல்ல பொருள்தான். நல்ல ஃபேனைக் கழற்றிவிட்டு வாங்க வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்பதில் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், ரொக்கத்துக்குத் தருகிற தள்ளுபடியும் போய்விடும். இரண்டு விலையையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.