அமெரிக்காவிலிருந்து வரும் சிபிடி எண்ணெயை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலியால் இரவில் தூக்கமே இல்லை. அமெரிக்காவில் இருக்கும் தம்பி அங்கே கடையில் வாங்கிய சிபிடி (கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் ஒரு பொருள்) எண்ணெயில் நாலைந்து பாட்டிலை அடுத்த மாதம் ஹாங்காங் வழியாக வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறான். “இந்தியாவிலேயே ஆன்லைனில் விற்கிறார்களே, என்ன பயம்?” என்று கேட்கிறான். சட்டப்படி சரியா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் தம்பிக்குப் போன் போட்டு, அந்த பாட்டில்கள் பெட்டிக்குள் போகவே கூடாது என்று சொல்லிவிடுங்கள் சகோதரி. ஹாங்காங்கில் 2023 பிப்ரவரி 1 முதல் சிபிடி தடைசெய்யப்பட்ட போதைப்பொருள். கையில் வைத்திருந்தாலே 7 ஆண்டு வரை சிறை.

நம் நாட்டில் விஷயம் வேறு மாதிரி. 1985-ஆம் ஆண்டின் என்டிபிஎஸ் சட்டம் (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) கஞ்சாவுக்குத் தரும் விளக்கத்தில் சிபிடி என்ற சொல்லே இல்லை. செடியின் எந்தப் பாகம் என்றுதான் அது பார்க்கிறது. பூத்த, காய்த்த நுனிக்கொத்து என்றால் கஞ்சா. பிசின் என்றால் சரஸ். இவற்றைச் சேர்த்துச் செய்த கலவையும் குற்றப்பொருள்தான். நுனிக்கொத்து ஒட்டாத தனி இலைக்கும் விதைக்கும் அந்த விளக்கத்தில் விலக்கு உண்டு. ஆயுர்வேதத்தில் ‘விஜயா’ என்பது இந்த இலைதான். இதிலிருந்து மருந்து செய்ய உரிமம் பெற்ற ஆயுர்வேத நிறுவனங்கள் உண்டு. ஆன்லைனில் முறையாக விற்பது அவர்கள் சரக்கு.

தம்பியின் பாட்டிலில் ‘டிஹெச்சி 0.3 சதவீதத்துக்குக் குறைவு’ என்று போட்டிருக்கலாம். டிஹெச்சி என்பது கஞ்சாவில் போதை தரும் பொருள். அந்த 0.3 என்பது அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டத்துக் கணக்கு. நம் சட்டத்தில் அப்படியொரு சலுகை கிடையாது. அங்கே சிபிடியைப் பெரும்பாலும் பூவிலிருந்துதான் எடுக்கிறார்கள். “எனக்குத் தெரியாது சார்” என்று விமான நிலையத்தில் சொல்லித் தப்பவும் முடியாது. தெரிந்தே செய்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது என்டிபிஎஸ் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி தம்பியின் பொறுப்பு. எடையையும் பாருங்கள். கலந்திருக்கும் வெறும் எண்ணெயும் எடைக்கணக்கில் சேரும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிசின் என்று வழக்குப் பதிந்தால், தண்டனை குறைவாக இருக்கும் ‘சிறிய அளவு’ 100 கிராம் வரைதான். 30 மில்லி பாட்டில் நான்கு இருந்தாலே அதைத் தாண்டிவிடும். தாண்டினால் 10 ஆண்டு வரை கடுங்காவல். அம்மாவின் முழங்காலுக்காகப் பிள்ளை ஜாமீனுக்கு அலைவதை நினைத்தே பார்க்க முடியவில்லை.

இங்கே வாங்குவதானால் ஆயுர்வேத மருத்துவரின் சீட்டோடு வாங்குங்கள். லேபிளில் உற்பத்தி உரிம எண், விஜயா இலை என்ற குறிப்பு, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை மூன்றும் இருக்க வேண்டும். இலைதானே என்று யாரோ அரைத்துத் தரும் பொடியைத் தொடாதீர்கள். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இலையையும் விட்டுவைக்கவில்லை. ‘ஹெம்ப் சீட் ஆயில்’ என்பது விதை எண்ணெய். 2021 முதல் உணவாக விற்க அனுமதி உண்டு, ஆனால் அதை வலி மருந்து என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

அம்மா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்க வேண்டாம். சீட்டையும் பில்லையும் பாட்டிலோடு ஒரே கவரில் வைத்திருங்கள்.